இருபத்து நாலா, ஒன்பதா?

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் பார்ப்பார். நர்ஸ் ஊசி போடுவார். சரி, நீங்கள் படுத்திருக்கிற கட்டிலுக்கே உடம்பு சரியில்லாமல் போனால்? அப்போது யாரைக் கூப்பிடுவது?

நட்டுவின் அம்மாவைத்தான்!

அது பெரிய ஆஸ்பத்திரி. ஐந்து மாடி, நானூறு கட்டில், எண்பது சக்கர நாற்காலி. சக்கரம் சுற்ற மாட்டேன் என்று சண்டித்தனம் செய்தாலும் சரி, டிராயர் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாலும் சரி, எல்லோரும் ஒரே நம்பருக்குத்தான் போன் போடுவார்கள். "மெக்கானிக் அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்!"

அந்த மெக்கானிக் அக்காவின் ஒரே மகள்தான் நட்டு. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தவழ்கிற வயதில் அம்மாவின் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வீட்டையே அலற வைத்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது, "என்ன, நட்டு கழண்டு போச்சா?" என்று கேலி செய்தால் அவளுக்குக் கோபமே வராது. "கழண்டா எங்கம்மா முடுக்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அப்பா பஸ் ஓட்டப் போய்விட்டார். அதனால் நட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

வந்ததும் அம்மா நேராக ஸ்டோருக்குப் போனார். காரணம் இருக்கிறது. முந்தின நாள் அம்மாவின் மல்டி டூல் உடைந்துபோய்விட்டது.

மல்டி டூல் பார்த்திருக்கிறீர்களா? மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் நடுவில் கட்டிங் பிளேயர். இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஸ்க்ரூ டிரைவர், கத்தி, அரம், கத்தரிக்கோல் என்று ஒரு பெரிய குடும்பமே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் எழுந்து வருவார். நாள் முழுக்க ஐந்து மாடி ஏறி இறங்குகிறவர் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா அலைய முடியும்?

உடைந்துபோனது அம்மாவுக்காக வாங்கியது இல்லை. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் விட்டுவிட்டுப் போனது. ஒன்பது வருடம் அதை வைத்தே அம்மா காலத்தை ஓட்டிவிட்டார். இப்போதுதான் முதல் முறையாகப் புதிதாக ஒன்று கிடைக்கப் போகிறது. அதுவும் அவரே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்!

ஸ்டோர்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு பெட்டிகளை மேஜை மேல் வைத்தார்.

"இது பெரிசு. இருபத்து நாலு வேலை செய்யும். இது சின்னது. ஒன்பது வேலை. ரெண்டையும் கொண்டுபோய் வச்சுப் பாருங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு, ஒண்ணுக்குக் கையெழுத்துப் போடுங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு அதுதான். நடுவுல வந்து 'அண்ணே, மாத்திக் குடுங்க'ன்னு நின்னா நான் ஜன்னலைச் சாத்திடுவேன்."

அவர் சொன்னதில் பாதி அம்மாவின் காதில் விழவே இல்லை. கண்ணோ பெரியதன் மேலேயே இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அழகென்றால் அப்படி ஓர் அழகு! பளபளவென்று வெள்ளி நிறம். கையில் எடுத்தால் கனமாக இருந்தது. அம்மா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ரம்பம், அளவுகோல், கம்பி உரிக்கிற பல், டின் திறக்கிறது, பாட்டில் திறக்கிறது, வந்துகொண்டே இருந்தது.

"நட்டு, இங்க பாருடி! இது என்ன தெரியுமா? மீன் செதில் சுரண்டறது!"

"ஆஸ்பத்திரில மீன் எங்கம்மா இருக்கு?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பெரியதை அதன் தோல் உறையில் போட்டு இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். சின்னதை மூடியபடியே சாமான் பைக்குள் போட்டார். அந்தத் துணிப்பையில் பின்னும் வாஷரும் எண்ணெய்க் குப்பியும் இருக்கும். அதைத் தூக்குவது நட்டுவின் பொறுப்பு.

வெளியே வந்தால் எதிரே எலக்ட்ரீஷியன் மாமா. அவர் போன மாதமே பெரியதை வாங்கிவிட்டார். டெஸ்டர், டேப், டார்ச், சாவிக்கொத்து, அதோடு இந்த மல்டி டூல், எல்லாம் ஒரே பெல்ட்டில். நடக்கும்போது ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பார்.

"யோசிக்காதம்மா! பெரிசை எடு. இருபத்து நாலு எங்க, ஒன்பது எங்க! கணக்குத் தெரிஞ்ச யாரும் சின்னதைத் தொட மாட்டாங்க" என்றார்.

"அப்படித்தாண்ணே நானும் நினைக்கறேன்."

நட்டுவுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அம்மாவுக்கு உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டில் இருபத்து நாலு கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருவியின் பெயரை எழுதினாள். அம்மா எதை எடுக்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. சாயங்காலம் அதை ஸ்டோர்காரர் முகத்துக்கு நேராகக் காட்டி, 'பாருங்க, எங்கம்மாவுக்கு இருபத்து நாலும் தேவைப்படுது' என்று சொல்லப் போகிறாள். எப்படி யோசனை!

வேலை ஆரம்பமானது.

முதலில் இரண்டாம் மாடியில் ஒரு சக்கர நாற்காலி. நேராகத் தள்ளினால் இடது பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. தள்ளுகிற ஆள் அலுத்துப்போயிருந்தார். "இது என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது அக்கா."

அம்மா அவசரப்படவில்லை. காலி நாற்காலியைத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். க்ரிச்... க்ரிச்... டக். "முன் சக்கரம், இடது பக்கம்" என்றார். நாற்காலியைச் சாய்த்துப் பார்த்தால், சக்கரத்தின் நடுவே நூலும் முடியும் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாகியிருந்தது! கத்தியால் இரண்டு கீறல், பிளேயரால் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு எண்ணெய். நாற்காலி சாதுவாகிவிட்டது.

நட்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிறார். எங்கம்மாவுக்குக் குழாயே வேண்டாம், காதே போதும் என்று நினைத்துக்கொண்டாள். கத்திக்கு ஒரு கோடு, பிளேயருக்கு ஒரு கோடு போட்டாள்.

அப்புறம் ஆடிக்கொண்டிருந்த ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஸ்டாண்டு. அப்புறம் சாத்தினால் திறக்காத அலமாரி. அப்புறம் ஊன்றி நடக்கிற ஒரு தடியின் ரப்பர். பிளேயர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், மறுபடியும் பிளேயர்.

ரம்பத்தின் கட்டம் காலி. டின் திறக்கிற கட்டம் காலி. மீன் கட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

"அம்மா, இந்தத் தடவை ரம்பத்தை எடேன்."

"எதை அறுக்கச் சொல்ற? நல்ல மேஜைக்காலையா?"

"சும்மா கொஞ்சம்..."

"என்னடி ஆச்சு உனக்கு? ஆளை விடு!"

நட்டு ஆளை விட்டாள். ஆனால் கண்ணை விடவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது.

அம்மாவின் இடது கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சாய்த்துப் பிடிக்கும், கதவைத் தாங்கும், கம்பியைத் தூக்கும். ஒரு வேலையில்கூட அது சும்மா இல்லை. மீதி இருப்பது ஒரே கை. பெரிய மல்டி டூலைத் திறக்கவோ இரண்டு கை வேண்டும். இரண்டு கைப்பிடியையும் இரண்டு பக்கம் பிரித்தால்தான் பிளேயரே வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமென்றால் அதற்கப்புறம்தான் எடுக்க முடியும்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒரு கைப்பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, மற்றதைக் கையால் இழுத்தார்! ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும்.

"அம்மா, நீ பல்லால திறக்கற."

"யாரு, நானா? போடி!" என்ற அம்மா, அடுத்த நிமிடமே ஒரு கையால் டிராயரைத் தாங்கிக்கொண்டு, மல்டி டூலை வாய்க்குக் கொண்டுபோனார். கடித்தார். இழுத்தார். அவருக்கே தெரியவில்லை. ஒன்பது வருடப் பழக்கம்.

கட்டிலுக்கு அடியில் இருந்த கருவி. யார் யாருடைய நாற்காலியையோ தொட்ட கருவி. ஐயே! வீட்டில் கை கழுவாமல் ஒரு பிஸ்கட்டைத் தொட்டால்கூட இதே அம்மா எப்படிக் கத்துவார்!

இருபத்து நாலு கட்டத்துக்குக் கீழே நட்டு இன்னொரு கட்டம் போட்டாள். அதில் 'பல்' என்று எழுதினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது. மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் அம்மா கை கழுவப் போயிருந்தார். நட்டு கணக்கைக் கூட்டினாள். பிளேயர் பதினாலு. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்பது. தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஆறு. கத்தி மூன்று. கத்தரிக்கோல் இரண்டு. அரம் ஒன்று. மீதிப் பதினெட்டுக் கட்டமும் காலி.

பல், பதினேழு!

சின்னதில் என்னென்ன இருக்கிறது? பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். அந்த ஆறும் இருந்தன. அம்மா திரும்பி வந்ததும், "சின்னதைப் பார்க்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"பாரு. கத்திப் பக்கம் மட்டும் கை வைக்காத."

நட்டு ஒரு கையில் சின்னதை எடுத்தாள். பக்கத்தில் ஒரு கறுப்புப் பொத்தான் இருந்தது. கட்டை விரலால் அதை முன்னால் தள்ளினாள். டக்! பிளேயர் வெளியே வந்து தானே பூட்டிக்கொண்டது. பின்னால் இழுத்தாள். டக்! உள்ளே போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவர்கள் வெளிப்பக்கமே இருந்தன. அதற்கும் ஒரே விரல் போதும். அவளுடைய குட்டிக் கட்டை விரலுக்கே அது கேட்கிறது!

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தாள். அப்போது அம்மா பெரியதைத் துணியால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைக்கு இப்படி ஒண்ணு கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்லடி. இவ்வளவு நாளும் அடுத்தவங்க வச்சிட்டுப் போனதுதானே! இது எனக்கே எனக்குன்னு வர்றது."

நட்டு வாயை மூடிக்கொண்டாள். நோட்டையும் மூடினாள். இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தச் சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் அம்மா கண்டதையும் கடித்துக்கொண்டிருப்பார். பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அதற்குள் போன் அடித்தது. குழந்தைகள் வார்டிலிருந்து தலைமை நர்ஸ்.

"அக்கா, ஆறாம் நம்பர் கட்டில். தலைப்பக்கம் தூக்கினது தூக்கினபடி மாட்டிக்கிச்சு. உடனே வாங்க!"

இரண்டு பேரும் ஓடினார்கள்.

ஆறாம் நம்பர் கட்டிலில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு காலில் பெரிய மாவுக்கட்டு. அந்தக் காலைக் கட்டிலின் கம்பியோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் சாப்பிடுவதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கியிருக்கிறார்கள். அப்புறம் வார்டு ஆட்கள் எவ்வளவு முயன்றும் அது இறங்கவே இல்லை. காலை அசைக்கக் கூடாது என்பதால் வேறு கட்டிலுக்கும் மாற்ற முடியாது. மணி இரண்டாகிவிட்டது. பையன் உட்கார்ந்தபடியே இருந்தான். கழுத்து ஒரு பக்கம் சரிந்து சரிந்து விழுந்தது. கண் சொருகியது. விழுந்ததும் வலியில் விழித்துக்கொண்டு அழுதான்.

"நான் படுத்துக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"இதோ கண்ணு, இப்போ படுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா தரையில் மல்லாந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். பார்த்த உடனேயே விஷயம் தெரிந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் சுழல்கிற நீளமான தண்டு ஒன்று அடியில் போகிறது. அதைப் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பின் வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது.

"பின்னைப் பிடுங்கிட்டு வேற போட்டா சரியாயிடும். ஆனா பிடுங்கற நேரத்துல கட்டில் தடால்னு இறங்கிடக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் தலைப்பக்கத்தைத் தாங்கிக்கங்க. நான் தண்டைப் பிடிச்சுக்கறேன்."

தலைமை நர்ஸ் ஒரு பக்கம், இன்னொரு நர்ஸ் மறுபக்கம் தாங்கிக்கொண்டார்கள். அம்மா இடது கையால் தண்டைத் தூக்கிப் பிடித்தார். வலது கையால் இடுப்பிலிருந்து பெரியதை உருவினார். நேராக வாய்க்குக் கொண்டுபோனார். கடித்தார். இழுத்தார்.

கனமான கருவி, மல்லாந்து படுத்த நிலை. பல்லிலிருந்து வழுக்கியது! உதட்டில் நறுக்கென்று பட்டு, தரையில் விழுந்து, கட்டிலின் மறு பக்கம் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போனது.

"ஸ்ஸ்!" என்றார் அம்மா. உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

"அக்கா, சீக்கிரம்! கை நடுங்குது" என்றார் நர்ஸ். மேலே பையன் பயந்துபோய் அழுகையைக்கூட நிறுத்திவிட்டான்.

தண்டை விட்டால் கட்டில் விழும். விடாவிட்டால் கருவி எட்டாது. அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நட்டுவுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாமான் பைக்குள் கையை விட்டாள். சின்னதை மூடியபடியே எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, அம்மாவின் வலது உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா, பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும். கட்டை விரலால முன்னால தள்ளு. அவ்வளவுதான்."

டக்!

பிளேயர் வந்து நின்றது. அம்மா ஒரு கணம் அதை ஆச்சரியமாகப் பார்த்தார். அவ்வளவுதான், அப்புறம் அந்தக் கையைப் பார்க்க வேண்டுமே! வளைந்த பின்னைப் பிடித்தார், லேசாகத் திருகினார், ஒரே இழுப்பில் உருவினார். நட்டு நீட்டிய புதுப் பின்னைச் செருகி அதன் முனையை மடக்கினார். எல்லாம் ஒரே கையால். தண்டைப் பிடித்திருந்த கை ஒரு நூல்கூட அசையவில்லை.

"இப்போ ஒருத்தர் கைப்பிடியை மெதுவா சுத்துங்க."

கைப்பிடி சுழன்றது. கட்டில் பூப்போல இறங்கியது. பையனின் தலை தலையணையில் பட்டது. "அப்பாடா!" என்று பெரிய மனுஷன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். யாரும் சிரித்து முடிப்பதற்குள் தூங்கியே போய்விட்டான்.

அம்மா வெளியே வந்ததும் தலைமை நர்ஸ் பஞ்சில் மருந்தை நனைத்து அவர் உதட்டில் வைத்தார். வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தரையில கிடக்கறதையெல்லாமா வாய்ல வைப்பீங்க? ஆஸ்பத்திரில வேலை பார்க்கற ஆளு பண்ற காரியமா இது? உங்களுக்கு வயித்து வலி வந்தா இந்த நானூறு கட்டிலையும் யார் பார்க்கறது?"

"ஏதோ இன்னைக்கு ஒரு தடவை, அவசரத்துல..." என்று இழுத்தார் அம்மா.

ஆனால் நட்டுவின் முகம் சும்மா இருக்கவில்லையே! அம்மா அவளைப் பார்த்தார்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"நோட்டை எதுக்குப் பின்னால மறைக்கற? குடு இங்க."

நட்டு தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தாள். அம்மா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பதினேழா?"

"அது மத்தியானம் வரைக்கும்தான். இப்போ பதினெட்டு."

தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உதடு வலித்தது, ஆனாலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அம்மாவின் முகம் மெல்ல வாடியது.

"அப்போவே சொல்லியிருக்கலாமேடி?"

"நீ எவ்வளவு ஆசையா வச்சிருந்த! எனக்குச் சொல்ல மனசே வரலம்மா."

அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, தரையில் கிடந்த பெரியதை எடுத்து வந்தார்.

நாலு மணிக்கு ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். மேஜை மேல் பெரியதும் சின்னதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஸ்டோர்காரர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அம்மா பெரியதைத் தொட்டார். எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"எனக்கு எல்லாம் புரியுதுடி. ஆனாலும் ஆசையா இருக்கே!" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் நட்டுவுக்கு மனசு கரைந்துபோனது.

"ஆசைன்னா இதையே எடுத்துக்கோம்மா. நான் தினமும் உன்கூட வந்து, ரெண்டு கையாலயும் திறந்து திறந்து தரேன்."

"பள்ளிக்கூடம்?"

"லீவு போட்டுடறேன்."

"அஞ்சு வருஷத்துக்குமா?"

"ஆமா!" நட்டு விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மையாகவே வந்து நிற்கப் போகிறவள் மாதிரி பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

அம்மா அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பெரியதை மடக்கி, உறையில் போட்டு, உறையின் பொத்தானையும் போட்டு, ஸ்டோர்காரர் பக்கம் நகர்த்தினார். சின்னதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இருப்பதே தெரியவில்லை.

"இதையே எடுத்துக்கறேண்ணே. இதுதான் என் கைக்கு."

"பெரிசு வேண்டாமா?" ஸ்டோர்காரர் நம்பவில்லை. "நல்லா யோசிச்சுட்டீங்களா? எல்லாரும் அதைத்தானே கேக்கறாங்க?"

"எல்லாருக்கும் ரெண்டு கையும் சும்மா இருக்கும்போல. எனக்கு இல்லையே!"

ஸ்டோர்காரர் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். 'பெற்றுக்கொண்டவர்' என்று இருந்த கட்டத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த கட்டத்துலயும் ஒரு கையெழுத்து" என்றார் அவர். அந்தக் கட்டத்தின் தலைப்பில் 'தேர்வு செய்தவர்' என்று எழுதியிருந்தது.

அம்மா பேனாவை நட்டுவின் கையில் கொடுத்தார்.

"அது எப்படி? சின்னப் பொண்ணு கையெழுத்தெல்லாம் ரிஜிஸ்டர்ல..." ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அந்தக் கட்டத்துல யார் பேரை எழுதணும்? தேர்ந்தெடுத்தவங்க பேரைத்தானே? நான் வெறும் ஆசைப்பட்டேன். காலையிலேருந்து கண்ணும் கருத்துமா பார்த்துத் தேர்ந்தெடுத்தது இவதான்."

ஸ்டோர்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி நட்டுவை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "ஏறி நின்னு எழுதும்மா. எட்டாது" என்றார்.

நட்டு ஏறி நின்றாள். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிற தன் முழுப் பெயரை, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, கொட்டை கொட்டையாக எழுதினாள். கட்டம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்தும் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டன.

ஸ்டோர்காரர் குனிந்து, மை கலையாமல் காயட்டும் என்று அந்தப் பெயரின் மேல் மெதுவாக ஊதினார்.